வயலோடு வந்தவர்கள்

எனக்கு இரண்டு அண்ணன்மார். அவர்களுக்கு நடுவில் சுவர் எழும்பியபோது நான் பெரியண்ணன் பக்கத்தில் இருந்தேன். நானாகத் தேர்ந்தெடுத்த பக்கம் அல்ல அது. அடுக்களை அந்தப் பக்கம் போயிற்று. நான் அடுக்களையில் இருந்தேன். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையில், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலின் கரையில் இருந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டிருந்தார்கள். நிலத்தைப் பெரியண்ணன் பார்த்துக்கொண்டார். சின்னண்ணன் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பிரசவத்தில் மனைவி இறந்தபின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். வந்தால் பெரியண்ணன் அவருக்காகவே தோட்டக்காரனிடம் சொல்லி இளசாகக் கத்தரிக்காய் பறித்து வைத்திருப்பார். சைவ வீட்டில் பாசத்தைக் காட்ட வேறு வழி கிடையாது.

எங்கள் வயல்களில் உழைத்த குடும்பங்களை நாங்கள் ‘நம்ம ஆளுக’ என்போம். தாத்தா நிலம் வாங்கியபோது வயலோடு சேர்ந்தே அவர்களும் கைமாறினார்கள். சட்டத்தில் அடிமை ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஊரில் ஒழியவில்லை. அவர்கள் வேறொருவர் வயலுக்குப் போகக்கூடாது. அவர்கள் பிள்ளைகள் பிறந்த அன்றே எங்கள் பிள்ளைகள். காய்ச்சல் வந்தால் பெரியண்ணன் கஷாயம் போட்டு அனுப்புவார். கல்யாணம் என்றால் நெல்லும் துணியும் கொடுப்பார். அதையெல்லாம் அவர் மனசாரச் செய்தார் என்பதை நான் எங்கேயும் சொல்வேன்.

அந்த ஆட்களில் மூத்தவரை முன்னேர்க்காரர் என்பார்கள். உழவில் முதல் ஏர் அவருடையது. அவருக்கு மனைவியும் ஒரே மகளும் உண்டு. கூடப்பிறந்த தம்பி ஒருவரும் எங்கள் வயலிலேயே வேலை செய்தார். முன்னேர்க்காரரின் மகள் எங்கள் மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுவாள். அவளுக்கும் பெரியண்ணன் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

பெரியண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அந்த வருஷம், சின்னண்ணனைத் திருநெல்வேலியில் ஒரு வாசகசாலையில் பேச அழைத்தார்கள். அடிமைகளை வைத்து அமெரிக்க தேசத்தில் மூண்ட சண்டையைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். முந்தின நாள் பின்கட்டு முற்றத்தில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். பெரியண்ணன் மனைவியான என் மதினியும் நானும் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டோம்.

ஒரே தேசம், ஒரே பாஷை, ஒரே வேதம் என்று ஆரம்பித்தார். தெற்கே பருத்திக் காடு வைத்திருந்தவர்களுக்கு அடிமைகள் இல்லாமல் முடியாது. வடக்கே அது கூடாது என்றார்கள். மேற்கே புதிதாகச் சேருகிற சீமைகளில் அடிமை உண்டா இல்லையா என்று வருஷக்கணக்காக வழக்கு. நீ இதை ஒத்துக்கொள், நான் அதை விட்டுத் தருகிறேன் என்று பெரிய மனிதர்கள் மாற்றி மாற்றிச் சமாதானம் பேசினார்கள். பிறகு, ஓடிவந்த அடிமையை வடக்கத்தியானும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. தனக்கென்ன என்று அதுவரை இருந்தவன் வாசலிலும் அந்த வழக்கு வந்து நின்றது. கோயில்கள் இரண்டாகப் பிரிந்தன, கட்சிகள் பிரிந்தன. கடைசியில் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களே எதிரெதிரே துப்பாக்கி பிடித்தார்கள்.

“அடிமைன்னா, விலைக்கு வாங்குனதா?” என்று மதினி கேட்டாள்.

“வாங்கினான், வித்தான். தாயை ஒருத்தன்கிட்ட, பிள்ளைய ஒருத்தன்கிட்ட.”

“பாவிங்க. அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்குமே” என்றாள் மதினி. அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் இரண்டு அண்ணன்மாரும் ஒரே வண்டியில் போனார்கள். பெரியண்ணன் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாராம். பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு வியாபாரி எழுந்து, “அண்ணாச்சி, அமெரிக்காவ விடும். உம்ம வீட்டு வயல்ல உழுதவன் நாளைக்கு வேற எடத்துக்குப் போறேன்னு சொன்னா, போன்னு விடுவீரா, பிடிச்சுக் கட்டுவீரா?” என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து இருவரும் இதைத் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். “எவனோ ஒருத்தன் பொறாமையில கேட்டான். தம்பி நல்லாத்தான் பேசினான்” என்றார் பெரியண்ணன். சின்னண்ணன், “கேட்டது சரியான கேள்வி. தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்துட்டேன்” என்றார்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு நாங்குநேரி. ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்து, ஆவணி பிறந்ததும் சீரோடு திருப்பி அனுப்ப வேண்டும். பாத்திரங்கள், கட்டில், கறவை மாடு எல்லாம் வரிசையாகத் தயாராயின. மாட்டோடு முன்னேர்க்காரரின் மகளும் போகவேண்டும் என்று பெரியண்ணன் சொன்னார். அது புதிதல்ல. என் அத்தையின் கல்யாணத்திலும் அப்படி ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். அவள் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முன்னேர்க்காரரும் அவர் மனைவியும் கொல்லைப்புறத்து வாசலுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

“நயினா, ஒத்தப் புள்ள” என்றார் அவர்.

“அதுக்கென்னலே? நம்ம வீட்டுப் பிள்ளையும்தான் போகுது. ரெண்டும் ஒண்ணா வளந்ததுக. அங்கனயும் கஞ்சி ஊத்துவாங்க.”

“ஒங்க புள்ள கல்யாணமாகிப் போகுது, நயினா” என்றாள் அவர் மனைவி.

பெரியண்ணன் முகம் மாறிவிட்டது. அந்த வீட்டில் அந்த வாசலில் நின்று அப்படி யாரும் பேசியதில்லை. உள்ளே வந்துவிட்டார்.

சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தபோது சின்னண்ணன் பேச்சை எடுத்தார். “அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய அனுப்ப வேண்டாம்.”

“நாலு பேரு பாக்க அனுப்புத சீரு. குறைச்சு அனுப்பினா நம்ம பிள்ளையத்தான் பேசுவாவ.”

“மாடு கன்னோட சேத்து மனுசியவும் அனுப்பினா, நாம யாரு?”

“யாரா? முன்னேர்க்காரன் அப்பன் பாம்பு கடிச்சுக் கிடந்தப்ப வைத்தியரைக் கூட்டிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தது நம்ம அப்பா. அதான் நாம. ஏடு படிச்சவன் நீ, சொல்லு. அந்த அமெரிக்காக்காரன் உக்காந்திருப்பானா?”

“அங்கயும் இதேதான் சொன்னாங்க, அண்ணாச்சி. நாங்க பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்னு.”

“உன்னப் படிக்க வச்சதும் அவங்க உழுத நெல்லுதாம்ல.”

“அதனாலதான் சொல்லுதேன்.”

பெரியண்ணன் இலையை விட்டு எழுந்தார். மோர் விட்ட சோறு அப்படியே இருந்தது. அதன்பிறகு அவர்கள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஆவணியில் திருச்செந்தூர் திருவிழா. எங்கள் ஊர்ச் சாலையில் காவடியும் பால்குடமுமாக ஜனங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். பெண்ணை நாங்குநேரிக்கு அனுப்ப நாள் குறித்திருந்த வாரம் அது. பட்டப்பகலில் முன்னேர்க்காரரும் மனைவியும் மகளும் தலையில் ஒரு மூட்டையோடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நடந்தார்கள். பார்த்தவர்கள் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தூத்துக்குடிச் சாலையைப் பிடித்தார்கள். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவன் அங்கே காத்திருந்தான்.

அவர்களை அனுப்பிவைத்தது சின்னண்ணன் என்று ஊர் சொன்னது. நான் அவரிடம் கேட்டேன். “வழி கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன்” என்றார்.

பெண் புறப்பட வண்டி கட்டி நின்ற அன்று தொழுவம் அள்ளாமல் கிடந்தது. பெரியண்ணன் தொழுவத்து வாசலிலேயே வெகுநேரம் நின்றார். கோபத்தைவிட அவருக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. பெற்ற பிள்ளை வீட்டைவிட்டு ஓடினால் ஒரு தகப்பன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுத் தேட அனுப்பினார். வெண்கல உருளியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார். உருளி அடுக்களைப் பரணில் இருந்தது. மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருந்த கொட்டகைக்கு வெளியே போலீஸ்காரர் போய்க் கூப்பிட்டாராம். முன்னேர்க்காரர் வெளியே வருவதற்குமுன் மனைவியிடம், “நீங்க ஏறுங்க. நான் பேசிட்டு அடுத்த கப்பல்ல வாரேன்” என்று சொல்லியிருக்கிறார். அவரைப் பிடித்தார்கள். தாயும் மகளும் ஏறிவிட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த மலை என்று கங்காணி யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் வந்தது. சின்னண்ணன் லீவு போட்டு வந்து சாட்சி சொன்னார். “எங்கள் வீட்டில் எதுவும் திருட்டுப் போகவில்லை. உருளி பரணில் இருக்கிறது” என்று அண்ணனுக்கு எதிரில் நின்று சொன்னார். வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கோர்ட்டுக் கச்சேரி வாசலில் பெரியண்ணன் சின்னண்ணனைப் பார்த்து, “பாகம் பிரிச்சுக்கிடுவோம்” என்றார். அதை, கூடப் போயிருந்த கணக்கப்பிள்ளை வந்து சொன்னார்.

விடுதலையான முன்னேர்க்காரரைக் கப்பல் ஏற்றிவிடுவதாகச் சின்னண்ணன் சொல்லிப் பார்த்தார். “எங்கன போயி எறங்க, வாத்தியாரய்யா? கண்டிங்கது ஒரு ஊரா? நான் அங்கன தேடிக்கிட்டிருக்கையில அவ ஆள் விட்டுச் சொல்லி அனுப்புனா, கேக்கதுக்கு யாரு இருப்பா?” என்று அவர் இங்கேயே இருந்துவிட்டார்.

பாகப்பிரிவினைக்கு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வயல், தோப்பு, வீடு எல்லாம் சரிபாதி. அதில் தகராறு வரவில்லை. ஆட்கள் என்று வந்தபோதுதான் சிக்கிக்கொண்டது. இந்தக் குடும்பங்கள் இவருக்கு, இவை அவருக்கு என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

“மனுசங்களைப் பிரிக்கதுக்கு நான் வரல. எனக்கு அதுல பங்கு வேண்டாம்” என்றார் சின்னண்ணன்.

“அப்ப எல்லாரும் எனக்கு” என்றார் பெரியண்ணன்.

வேண்டாம் என்று சொன்னதே அவர்களை முழுசாக ஒருவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. சின்னண்ணன் முகம் வெளுத்துப்போனது எனக்குக் கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. அப்புறம் அவர் தன் பாகத்து வயலுக்கு வர விருப்பமுள்ளவர்கள் வரலாம், கூலிக்கு வேலை, போக நினைத்தால் போகலாம் என்று சொல்லி அனுப்பினார். பாதிப்பேர் வந்தார்கள். முன்னேர்க்காரர் வந்தார். அவர் தம்பி வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் அதிகம். பெரியண்ணன் நிலத்தில்தான் அவர் குடிசை இருந்தது.

கொத்தனார் வந்து முற்றத்தின் நடுவில் சுவர் வைத்தார். ஊரும் இரண்டாயிற்று. பெரியண்ணன் பக்கம் பெரிய பக்கம். கோயிலில் சின்னண்ணனுக்குத் திருநீறு கடைசியாகக் கொடுத்தார்கள். நாவிதர் வரவில்லை, வண்ணார் வரவில்லை. பிள்ளைகளை அவர் வாசல் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். அவர் பக்கம் நின்ற ஒன்றிரண்டு வீடுகளில் கூட, “சொல்லுதது நியாயந்தான், ஆனா நம்ம ஆளுகளும் கேக்க ஆரம்பிச்சுட்டா?” என்று பைய விலகிக்கொண்டார்கள். மதினி சுவருக்கு மேலே எட்டி எனக்குத் தெரியாமல் சின்னண்ணனுக்குத் துவையல் கொடுப்பாள். அவளுக்குத் தெரியாமல் நானும் கொடுப்பேன். ஒருநாள் இரண்டு கிண்ணமும் ஒரே சமயத்தில் சுவர்மேல் வந்தபோது இருவரும் அவற்றை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினோம்.

பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்குகிற தை மாதம் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. சின்னண்ணன் வயலுக்குப் போகும் மடை பெரியண்ணன் வயலுக்குள் இருந்தது. சின்னண்ணனுக்குத் தண்ணீர் விடவேண்டிய முறைநாளிலும் மடையைத் திறக்கக் கூடாது என்று பெரியண்ணன் பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். பெரியண்ணன் சொன்னாரா, அவரைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்களா, கடைசிவரை எனக்குத் தெரியாது. காவலுக்கு அவர் ஆட்களை அனுப்பினார்கள். அதில் முன்னேர்க்காரரின் தம்பியும் ஒருவர்.

விடிந்து வெயில் ஏறியதும் முன்னேர்க்காரர் மண்வெட்டியோடு மடைக்குப் போனார். அவர் பின்னால் நாலைந்து பேர். எதிரே நின்றவர்கள் எல்லாரும் அவரோடு ஏர் பிடித்தவர்கள், ஒரே களத்தில் நெற்போர் அடித்தவர்கள்.

“தள்ளுடே. கருதுல பால் பிடிக்கித நேரம். வயலு என்ன பாவம் செஞ்சுது?” என்று அவர் தம்பியிடம் சொன்னாராம்.

“எண்ணே, போயிரு. நான் தள்ளுனா எனக்குக் குடிசை இல்ல” என்றாராம் தம்பி.

அதுவரைக்கும் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதற்குமேல் ஒருவர் சொன்னதுபோல் இன்னொருவர் சொல்லவில்லை. யாரோ மடைப்பலகையைத் தூக்கினார்கள், யாரோ இழுத்தார்கள், மண்வெட்டியா அரிவாளா என்று தெரியவில்லை. முன்னேர்க்காரர் மடைக்குள் விழுந்து கிடந்தார். பலகை நகர்ந்திருந்ததால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தம்பிதான் அவரைத் தூக்கி வரப்பில் கிடத்தினார், உயிர் போயிருந்தது. எங்கள் தெரு வரைக்கும் தம்பியின் அழுகுரல் கேட்டது.

போலீஸ் வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். பெரியண்ணன் வாசல்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். “நம்ம அப்பா வைத்தியரக் கூட்டிட்டு வந்தது அவன் அப்பனுக்குத்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டார்.

சின்னண்ணன் அந்த வெள்ளாமையை அறுக்கவில்லை. உழைத்தவர்களே அறுத்துக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் குடியிருக்க மனையை எழுதிக் கொடுத்தார். மற்றதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதோடு சரி. அதன் பிறகு எந்த மேடையிலும் ஏறிப் பேசவில்லை. “நான் பேசினது தப்பு இல்ல. ஆனா பேசினவன் நான், விழுந்தது அவன்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முன்னேர்க்காரரின் தம்பி அந்த வருஷமே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். பல வருஷம் கழித்துக் கண்டியிலிருந்து திரும்பிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். முன்னேர்க்காரரின் மனைவி முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். மகள் ஒரு தோட்டத்தில் கல்யாணமாகி இருக்கிறாளாம். தகப்பன் வருவார் என்று கப்பல் வரும் நாட்களில் மலைக்கு ஏறி வருகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாளாம். அந்த ஆள்தான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் பெரியண்ணனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதற்குமுன்பே அவருடைய ஆட்களில் பலர் போய்விட்டார்கள். சிலர் கண்டிக்கு, சிலர் தூத்துக்குடிப் பக்கம் கூலிக்கு. அவர் யாரையும் பிடித்துவரச் சொல்லவில்லை. நான் சின்னண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியண்ணன் குழறலாக, “பள்ளிக்கூடம் லீவா?” என்று கேட்டார்.

“இல்ல. சொல்லிட்டு வந்தேன்.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன், அண்ணாச்சி.”

இருவரும் பேசியது அவ்வளவுதான். மூன்றாம் நாள் பெரியண்ணன் இறந்துபோனார்.

பெரியண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவர் சின்னண்ணன்தான். வைப்பாரா என்று ஊரே பார்த்தது. அவர் தலை மழித்து ஈர வேட்டியோடு நின்றார். எங்கள் வீட்டுச் சாவுக்கு ஆளுகதான் முன்னால் பந்தம் பிடிக்க வேண்டும், விறகு சுமக்க வேண்டும். கூப்பிட்டு அனுப்பலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். “யாரையும் கூப்பிடக் கூடாது” என்றார் சின்னண்ணன். விறகை உறவுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தார்கள்.

தெருமுனையில் ஒரு கிழவர் மட்டும் வந்து நின்றார். எங்கள் வயலில் தலை நரைத்தவர். சின்னண்ணன் அவரிடம் போய், “உம்மள யாரும் வரச்சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“இல்லைய்யா. யாரையும் கூப்புடலன்னு சொன்னாவ. அதான் வந்தேன்” என்றார் கிழவர்.

ஊர்வலம் நகர்ந்தபோது அவர் வாய்க்காலின் அந்தக் கரையில் தனியாக நடந்துபோவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

காரியம் முடிந்து சின்னண்ணன் என்னையும் மதினியையும் பாளையங்கோட்டைக்கு வரச்சொன்னார். மதினி மறுத்துவிட்டாள். நான் அவளோடு இருந்துவிட்டேன். அந்த வருஷம் எங்கள் வயலை உழ ஆள் கிடைக்கவில்லை. தரிசாகக் கிடந்தது. ஒருநாள் காலையில் மதினி அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வயலில் கால் வைத்ததே இல்லை. இருவரும் வரப்பில் போய் நின்றோம். உழவு காணாத மண் வெடித்திருந்தது, கோரை இடுப்புயரம் வளர்ந்திருந்தது.

“எம்புட்டுப் பேரு நின்ன எடம்” என்றாள் மதினி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு வரப்பில் நடக்கப் பழக்கமில்லை. கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.